உபதேசியார் வீட்டுச் சாவியைக் கொடுங்கள்: பேராயருக்கு ஒரு திறந்த மடல்

பேராயர் ஐயா அவர்களுக்கும், திருமண்டல நிர்வாகக் குழுவில் இருக்கும் பெரியவர்களுக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் என் ஸ்தோத்திரம்.

போன மாதம், பல சபைகள் சேர்ந்த எங்கள் சேகரத்தில் நடந்த மூன்று நாள் கன்வென்ஷனைத் தாங்கள்தான் ஜெபித்துத் தொடங்கி வைத்தீர்கள். இரண்டாம் நாள் ராத்திரி ஒரு பெண் மேடையேறி இரண்டு நிமிஷம் சாட்சி சொன்னது தங்களுக்கு நினைவிருக்கும். கணவன் செத்துப்போன பிறகு இரண்டு பையன்களை வைத்துக்கொண்டு தவித்ததையும், இயேசு தன்னைத் தேற்றியதையும் சொன்னாள். கூட்டம் முழுக்கக் கை தட்டியது. அவள் முகத்தைப் பெரிய திரையில் காட்டினார்கள்.

அவள் என் அடுத்த வீட்டுக்காரி. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றாள். அவளுக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. கேட்டு இரண்டரை வருஷம் ஆகிறது. சாட்சி சொல்ல மேடைக்குக் கூப்பிட்டீர்கள், அப்பமும் ரசமும் வாங்குகிற ராப்போஜனப் பந்தியில் அவளுக்கு இன்னும் இடம் இல்லை.

எங்கள் ஊரில் குடியிருந்து சபையைக் கவனிக்கிற உபதேசியார் இல்லாதது தங்களுக்குத் தெரியும். மூன்று வருஷத்தில் நான்கு மனு கொடுத்திருக்கிறோம். இருந்தவர் ஓய்வு பெற்றார். அடுத்த ஆள் வரும்வரை பக்கத்து ஊர் உபதேசியாரே பார்த்துக்கொள்வார் என்றார்கள். அவருக்கு ஏற்கனவே இரண்டு சபை. பாவம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை முடித்துவிட்டு அடுத்த ஊருக்கு ஓடுகிறார். காலையும் மாலையும் அடித்த மணி நின்றுபோனது. உபதேசியார் வீட்டில் இப்போது சபை விருந்தான அசனத்துக்குச் சமைக்கிற அண்டாக்களும் ஷாமியானா கம்புகளும் பழைய ஃபிளெக்ஸ் பேனர்களும் கிடக்கின்றன. சாவி பதினோரு கிலோமீட்டர் தள்ளி சேகர அலுவலகத்தில் தொங்குகிறது. எங்கள் கோரிக்கை ஒன்றுதான். அந்த வீட்டில் குடியிருக்க ஓர் உபதேசியாரை அனுப்பித் தாருங்கள்.

ஓர் ஆளால் என்ன பெரிதாக ஆகிவிடும் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். அதற்காகவே இந்தப் பெண்ணின் கதையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவள் பீடி சுற்றுகிறவள். விடிந்ததிலிருந்து திண்ணையில் மடியில் சுளகோடு உட்கார்ந்திருப்பாள். கணவனுடைய சாவு வீட்டுக்கு எங்கள் பழைய உபதேசியார் துக்கம் கேட்கப் போனார். அப்புறமும் போனார், வாரத்துக்கு இரண்டு நாளாவது போனார். எங்கள் மதத்துக்கு வா என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆசை காட்டியோ பயம் காட்டியோ ஆள் சேர்ப்பதை அவர் கடைசிவரை வெறுத்தவர், நானும் அப்படித்தான். அவர் போய் அந்தப் பையன்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒரு நாள் அவளாகவே, "ஐயா, எனக்கும் எழுத்து சொல்லித்தாறீளா?" என்று கேட்டாள். பெரிய எழுத்தில் அச்சடித்த மாற்கு சுவிசேஷம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். அவள் பீடி சுற்றச் சுற்ற அவர் வாசிப்பார். சுற்றி முடித்த பிறகு அவள் விரல் வைத்து எழுத்துக் கூட்டுவாள். விரலில் தூள் ஒட்டியிருக்கும் என்று முந்தானையில் துடைத்துக்கொண்டுதான் புஸ்தகத்தைத் தொடுவாள்.

இப்படியே வரி வரியாக எட்டாம் அதிகாரம் வரைக்கும் வந்தார்கள். அப்போதுதான் அவருக்கு ஓய்வு வந்தது.

அந்தப் புஸ்தகம் இன்னும் அவளிடம் இருக்கிறது. எட்டாம் அதிகாரத்தில் அடையாளத்துக்கு வைத்த பீடி இலைத் துண்டு காய்ந்து நொறுங்கிப்போய் இருக்கிறது. "தன் சிலுவையை எடுத்துக்கொண்டு என்னைப் பின்பற்றக்கடவன்" என்று ஆண்டவர் சொல்வது அந்த அதிகாரத்தில்தான். சரியாக அந்த இடத்தில் அவளை நடுவழியில் விட்டுவிட்டோம், ஐயா.

ஞானஸ்நானம் வேண்டும் என்று கேட்டதும் சேகர அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். ஆயத்த வகுப்பு சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு. சனிக்கிழமைதான் பீடிக் கடையில் வாரக் கணக்கு முடித்துக் கூலி கொடுப்பார்கள். இருந்தாலும் பஸ் பிடித்துப் போனாள். முதல் வாரம் கமிட்டிக் கூட்டம், வகுப்பு இல்லை. இரண்டாம் வாரம், ராப்போஜனத்தில் சேர்வதற்கான திடப்படுத்தலுக்கு ஆயத்தமாகிற பதினைந்து வயதுப் பிள்ளைகளோடு உட்கார வைத்து, கேள்வி பதில் தாள் ஒன்றைக் கொடுத்து மனப்பாடம் செய்துவரச் சொன்னார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் அந்தப் பிள்ளைகள் நடுவில் கூனிக் குறுகிப்போனாள். மூன்றாம் வாரம் போனபோது சேகரத்துக் குருவான ஐயருக்கு மாறுதல் வந்துவிட்டது. புதிதாக வந்த ஐயர் நல்லவர், ஆனால் ஏழு சபைக்கு அவர் ஒருவர். திருமண்டலத் தேர்தல் முடியட்டும் அம்மா, அப்புறம் பார்க்கலாம் என்றார். தேர்தலும் முடிந்தது, வழக்கு வந்தது. வழக்கு முடிந்த பாடில்லை.

இதற்கு நடுவில் ஒரு நாள் சாயங்காலம் அவள் என்னிடம் கேட்டதை எழுதாமல் இருக்க முடியவில்லை. "டீச்சரக்கா, ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வாரேன், சரி. மத்த ஆறு நாளும் நான் என்னக்கா செய்யணும்?"

சும்மா கேட்கவில்லை. அம்மன் கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி கேட்டு வந்திருக்கிறார்கள். கொடுக்கவா வேண்டாமா? கொடுக்காவிட்டால் கொழுந்தன் வீட்டார் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். புருஷனுக்குச் சேர வேண்டிய ஐந்து சென்ட் நிலத்தை அதே கொழுந்தன் தன் பெயருக்கு எழுதிக்கொண்டான். அவனை மன்னிப்பது என்றால் நிலத்தை விட்டுவிடுவதா? கூட பீடி சுற்றுகிற பெண்கள் உன் சாமி என்னதான் செய்தது என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்ல?

நான் இருபத்திரண்டு வருஷமாக ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறேன். தாவீது கோலியாத் கதையை ஐந்து வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்ல வேண்டும் என்று தெரியும். இதற்குப் பதில் தெரியவில்லை. ஜெபம் பண்ணும்மா என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்து வெகுநேரம் அழுதேன்.

பழைய உபதேசியார் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் வேறொரு குடும்பத்துக்கு இதே பிரச்சினை வந்தபோது பார்த்திருக்கிறேன். ஊர்த் தலைவர் வீட்டுக்கு அவரே நடந்து போனார். ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து, காப்பி குடித்து, பேசி, அந்தக் குடும்பம் வரிப் பணத்தைப் பொதுக் கிணறு தூர்வாருவதற்குக் கொடுக்கட்டும் என்று எல்லோரையும் சம்மதிக்க வைத்தார். சண்டை இல்லை, ஊர் விலக்கும் இல்லை. அந்தக் குடும்பத்துக்குத் தன் விசுவாசத்தையும் விட வேண்டியிருக்கவில்லை, சொந்தக்காரர்களையும் விட வேண்டியிருக்கவில்லை. ஆண்டவரைப் பின்பற்றி வாழ்வதைச் சீஷத்துவம் என்று பிரசங்கத்தில் சொல்வார்களே, அந்த வார்த்தைக்கு அன்றைக்குத்தான் எனக்கு அர்த்தம் புரிந்தது. அந்த வேலைக்கு ஊரிலேயே குடியிருக்கிற ஓர் ஆள் வேண்டும்.

"நீங்கள் புறப்பட்டுப்போய், சகல ஜாதிகளையும் சீஷராக்கி" என்ற வசனம் கன்வென்ஷன் பேனரில் இருந்தது. பேனரில் இடம் போதாமல் அந்த ஒரு வரியோடு நிறுத்திவிட்டார்கள். ஆண்டவர் அங்கே நிறுத்தவில்லையே. "நான் உங்களுக்குக் கட்டளையிட்ட யாவையும் அவர்கள் கைக்கொள்ளும்படி அவர்களுக்கு உபதேசம்பண்ணுங்கள்" என்று அடுத்த வசனம் இருக்கிறது. உபதேசியார் என்ற பேரே அதற்காக வந்ததுதான்.

இந்தத் தெற்குச் சீமைச் சபைகளின் சரித்திரம் தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1799-ல் முதலூர் என்று ஒரு கிறிஸ்தவ ஊரே உருவானதற்குக் காரணமாக இருந்த தாவீது சுந்தரானந்தம் ஓர் உபதேசியார். 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானிய மிஷனெரி ரேனியஸ் ஐயர் எவ்வளவு பெரிய பண்டிதர்! அவரும் உபதேசியார்களைப் படிக்க வைத்து ஊர் ஊராகக் குடியேற்றித்தான் சபைகளைக் கட்டினார். வெள்ளைக்காரர் வந்து பிரசங்கம் செய்துவிட்டுப் போவார். அவர் போன பிறகு எழுத்துச் சொல்லிக்கொடுத்ததும், காய்ச்சல்காரன் பக்கத்தில் உட்கார்ந்ததும், அடிதடியைத் தீர்த்துவைத்ததும் நம்முடைய உபதேசியார்தான்.

வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா ஐயரை ஒவ்வொரு வருஷமும் பேசுகிறோம். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியதையும், 1912-ல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பிஷப் ஆனதையும் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அவர் பிஷப்பாக இருந்த தெலுங்குச் சீமையின் தோர்ணக்கல்லில் செய்த ஒரு காரியம் எனக்கு எப்போதும் மறக்காது. ஞானஸ்நானம் எடுத்தவர்கள் தங்கள் கையைத் தங்கள் தலைமேல் வைத்து, சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ என்று பவுல் சொன்னதைச் சொல்ல வைப்பார். அவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாத கூலிக்காரர்கள், தீண்டத்தகாதவர்கள் என்று ஊர் ஒதுக்கி வைத்தவர்கள். விசுவாசத்தைச் சொல்வது படித்தவர் வேலை என்றோ சம்பளக்காரர் வேலை என்றோ அவர் நினைக்கவில்லை. அதோடு, அந்த ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுக்கக் கிராமத்துக்குக் கிராமம் உபாத்தியாயர்களையும் வைத்தார்.

என் அம்மா உலையில் அரிசி போடும் முன்னால் ஒரு கைப்பிடி எடுத்து அடுப்புப் பக்கத்தில் இருக்கிற மண் கலயத்தில் போடுவார்கள். மிஷனெரிக்கு என்பார்கள். எங்களுக்கே அரைவயிறாக இருந்த நாட்களில்கூட அந்தக் கை நிற்கவில்லை. அந்தக் கைப்பிடி அரிசியால் எங்கேயோ ஒரு முகம் தெரியாத ஊரில் யாரோ ஓர் ஊழியர் சாப்பிட்டிருக்கிறார். இன்றைக்கு எங்கள் ஊருக்கு ஓர் ஆள் கேட்டால் நிதி இல்லை என்று பதில் வருகிறது.

நிதி இல்லையா, ஐயா? கன்வென்ஷன் மேடைக்கும் திரைக்கும் ஒலிபெருக்கிக்கும் ஆன செலவு ஓர் உபதேசியாரின் ஒரு வருஷச் சம்பளத்துக்கு மேல் என்று கமிட்டியில் இருக்கிறவரே என்னிடம் சொன்னார். தேர்தல் சமயத்தில் எங்கள் ஊர்ப் புழுதியில் எத்தனை கார் வந்தது! ஆறு மாதத்தில் எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் ஓட்டுக் கேட்டு வந்தார்கள். எந்த அணி, எந்தப் பக்கம் என்று ஒரே கோயிலில் ஒரே ஜெபப் புஸ்தகத்தைப் பிடித்து நிற்கிற அண்ணன் தம்பியே பேசாமல் போனார்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் எங்கிருந்து வருகிறது? பள்ளிக்கூட வேலைக்கும் கல்லூரி இடத்துக்கும் எங்கள் சபையார் யார் யார் வாசலில் நின்றார்கள் என்று நான் எழுதினால் இந்த மடல் முடியாது. அந்தப் பீடிக்காரப் பெண் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். ஆண்டவரைப் பின்பற்றுவது என்றால் இதுதான் போல என்று அவள் நினைத்துவிடக் கூடாதே என்பதுதான் என் பயம்.

மன்னிக்க வேண்டும். பெரியவர்களிடம் பேசுகிறேன் என்பதை மறந்துவிட்டேன். தங்களைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? தங்களுக்கும் எத்தனை பாரம் இருக்கும் என்று எனக்குத் தெரியும், தங்களுக்காகத் தினமும் ஜெபிக்கிறவர்களில் நானும் ஒருத்தி. தயவுசெய்து எங்களுக்கு ஓர் உபதேசியாரைத் தாருங்கள். அவ்வளவுதான் கேட்க வந்தேன். வாட்ஸ்அப்பில் தினமும் காலையில் தியானம் அனுப்புகிறோமே என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அவளிடம் இருப்பது பட்டன் போன்.

இன்னொன்றையும் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவள் சொல்லத் தொடங்கிவிட்டாள். பீடிக் கடையில் இலை வாங்க வரிசையில் நிற்கும்போது, கேட்கிறவர்களிடம் தனக்குத் தெரிந்த மாற்கு சுவிசேஷத்தைச் சொல்கிறாள். பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ள, அதாவது உதிரப்போக்கு நிற்காத ஸ்திரீ கூட்டத்தில் நுழைந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்ட கதையை அவள் சொல்லும்போது நான் பக்கத்தில் இருந்தேன். அந்த ஸ்திரீ கையில் இருந்த காசையெல்லாம் வைத்தியருக்குக் கொடுத்துத் தீர்த்துவிட்டாள் என்று வரும் இல்லையா? அந்த இடம் வந்ததும் குரல் இறங்கிவிட்டது. கணவனைக் காப்பாற்ற அவளும் அப்படித்தான் வித்துச் செலவழித்தாள். இத்தனை வருஷமாக எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன், அந்தக் கதையை அப்படி யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இப்போது அவளோடு வேறு இரண்டு பெண்கள் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். மூன்று பேரும் ஒரே பாட்டுப் புஸ்தகத்தைப் பிடித்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்காருகிறார்கள். அந்த இரண்டு பேரும் அவளிடம் கேள்வி கேட்கிறார்கள். அவள் என்னிடம் வருகிறாள். நான் தங்களிடம் வந்திருக்கிறேன்.

உபதேசியார் வீட்டை நாங்களே சுத்தம் செய்து வெள்ளையடித்துத் தருகிறோம். அண்டாக்களை என் வீட்டுப் பின்பக்கம் வைத்துக்கொள்கிறேன். ஓட்டில் நாலைந்து உடைந்திருக்கிறது, அதையும் வாலிபர் சங்கத்துப் பையன்கள் மாற்றித் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். அரிசிக்கு நாங்கள் பொறுப்பு. எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் பதினாறு வீட்டில் கைப்பிடி அரிசிக் கலயத்தை மறுபடி எடுத்து வைத்திருக்கிறோம். சம்பளத்துக்கும் ஆளுக்கும் மட்டும் தாங்கள் வழி செய்ய வேண்டும். அந்த மூன்று பெண்களுக்கும் வகுப்பை எங்கள் ஊரிலேயே, பீடிக் கடைக்குப் போகாத நேரத்தில் வைக்கச் சொல்லி ஐயருக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள்.

ஆள் வரும்வரை புதன்கிழமை சாயங்காலம் அவள் திண்ணையில் நான் உட்காருகிறேன். போன வாரம் எட்டாம் அதிகாரத்தை மறுபடி எடுத்தோம். மூன்று வசனம் எழுத்துக் கூட்டி வாசித்தாள். அவள் கேட்ட கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், வருகிற உபதேசியாரிடம் கொடுப்பதற்கு.

இப்படிக்கு,
தங்கள் ஜெபத்தில் நினைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளும்,
கிராமச் சபை ஒன்றின் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை