அந்த பிஸ்கட் டப்பா

அன்புள்ள மாலதி,

தீபாவளிக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லையே என்று தினமும் உறுத்தல். இங்கே எல்லோரும் நலம். குமார் அண்ணன் அதே குமார் அண்ணன்தான், இன்னும் வீடு கட்டி முடிக்கவில்லை.

கார்த்திகையில் கொல்லைப் புதரை வெட்டினேன். பத்து நாளில் காய்ச்சல், மண்டை பிளக்கிற தலைவலி. டாக்டரம்மா என் அக்குள் பக்கம் சிகரெட்டால் சுட்டது மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கைப் பார்த்துவிட்டு, ரத்தப் பரிசோதனை எழுதினார். உண்ணிக் காய்ச்சல், புதரில் இருக்கிற பொடிப் பூச்சி கடித்து வருகிற பாக்டீரியாக் காய்ச்சலாம். டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், காலையும் இரவும், 7 நாள். இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கிவிட்டது.

வினை மூன்றாம் நாள் ராத்திரி வந்தது. தூக்கக் கலக்கத்தில் ஒரு மடக்குத் தண்ணீரில் கேப்சூலை விழுங்கிவிட்டுப் படுத்துவிட்டேன். விடியற்காலையில் நெஞ்சுக்குள்ளே நெருப்பு. எச்சில் விழுங்கினால் கண்ணீர் வருகிறது. மாரடைப்போ என்று இவர் பதறிப்போனார். கேப்சூல் உணவுக்குழாயில் ஒட்டிக் கரைந்து புண்ணாக்கிவிட்டதாம். பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், அப்புறம் அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது. மருந்துக் கடையில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லையடி! உறையில் 'சாப்பாட்டுக்குப் பின்' என்று கிறுக்கியதோடு சரி. கோபம் இன்னும் ஆறவில்லை. மீதி நாளுக்கு டாக்டரம்மா அசித்ரோமைசினாக மாற்றிக் கொடுத்தார். உடம்பு தேறியதும் நிறுத்திவிடத் தோன்றியது. ஆனாலும் அவர் சொன்ன நாள்வரை போட்டு முடித்தேன்.

படுத்துக்கிடந்தபோதெல்லாம் உன் நினைப்புதான். ஹாஸ்டலில் உனக்கு 'டிஸ்பென்சரி' என்று பெயர் வாங்கிக் கொடுத்த, மிச்ச மாத்திரைகளைப் போட்டுவைக்கிற பிஸ்கட் டப்பா இன்னும் உன்னிடம் இருக்கிறதல்லவா? ஜலதோஷத்துக்குப் பழைய டாக்சிசைக்ளின் இரண்டு போட்டுக்கொண்டதாக எழுதியிருந்தாய். ஏன் மாலதி? ஜலதோஷம் வைரஸால் வருவது. இந்த மருந்து கொல்வது பாக்டீரியாவை. இப்படி ஒன்றிரண்டு போட்டால், உன் உடம்பில் இருக்கிற பாக்டீரியா மருந்தைத் தாங்கப் பழகிக்கொள்ளும். நிஜமாகவே தேவைப்படும் நாளில் அது வேலை செய்யாது. அட்டையின் பின்னால் நெடுக ஒரு சிவப்புக் கோடு இருக்கும், பார். டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடாதே என்பதற்குத்தான் அந்தக் கோடு. நீ தினமும் போடுகிற கால்சியமும் இரும்புச்சத்து மாத்திரையும் வேறு வயிற்றிலேயே இந்த மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், ரத்தத்தில் சேரவிடாது. எப்போதாவது டாக்டரே எழுதிக் கொடுத்தால், அந்த மாத்திரைகளைப் பற்றி மறக்காமல் சொல்.

எல்லாவற்றையும்விட எனக்குத் திவ்யாவை நினைத்துத்தான் பயம். ஆறாம் மாதம் என்கிறாய். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் அந்த டப்பாவைத் திறக்காதே. வயிற்றுப்பிள்ளையின் பல்லில் கறை படியவைக்கும் வகை மருந்து இது. உடனே டாக்டரிடம் கூட்டிப்போ, மாதத்தை முதலில் சொல். கர்ப்பிணிக்கு வேறு மருந்து இருக்கிறது.

டப்பாவில் மிச்சம் கிடக்கிற மாத்திரை ஒவ்வொன்றின் பெயரையும் எழுதி அனுப்பு. வளைகாப்புக்கு வரும்போது நானே உட்கார்ந்து பிரித்துத் தருகிறேன். தேதி குறித்தாயிற்றா?

உன்
கல்யாணி