ஏலத் தாளை மறைப்பது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிடப்பட்டது. கொழும்பு விற்பனை நிலையங்களில் மீண்டும் ஜப்பானில் ஓடிய கார்கள் வரிசைகட்டி நிற்கின்றன. விலையைப் பற்றிப் புலம்பிப் பயனில்லை, வரி அப்படி. என் குறை வேறு.

ஜப்பானில் ஏலத்துக்கு வரும் காருக்குப் பரிசோதகர் எழுதிய தாள் ஒன்று உண்டு. காரின் வரைபடத்தில் கீறலுக்கு 'ஏ', நெளிவுக்கு 'யூ', மாற்றிய பாகத்துக்கு இரட்டை 'எக்ஸ்' என்று குறித்திருப்பார்கள். ஓடிய கிலோமீற்றரும் அதிலேயே இருக்கும். நான் அணுகிய விற்பனையாளரிடம் அதைக் கேட்டேன். கைத்தொலைபேசியில் மங்கலான படமொன்றைக் காட்டினார். இந்தக் கார்தான் அது என்று அடையாளம் காட்டும் செசி இலக்கம் இருக்கவேண்டிய மூலை மட்டும் பக்குவமாக வெட்டப்பட்டிருந்தது. "எங்களில் நம்பிக்கை இல்லையா, ஐயா?" என்று கோபித்துக்கொண்டார். இல்லைதான்!

ஏலத் தாளின் முழுப் பிரதியையும் கப்பலேற்றுமுன் பெற்ற பரிசோதனைச் சான்றிதழையும் வாங்குபவரிடம் கையளிக்காமல் காரைப் பதிவுசெய்ய முடியாது என்று மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம் விதிக்க வேண்டும். அந்தக் குறியீடுகளின் விளக்கத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டுத் திணைக்களத்தின் நாரஹேன்பிட்டி அலுவலகச் சுவரில் ஒட்டினாலும் பலருக்கு உதவும்.

வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.