டிராக்டரில் இழுவை ஏன் குறைந்தது என்று பார்க்காமலே பம்பையும் நாசிலையும் பிரித்தது பற்றிய புகார்

சர்வீஸ் மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். என்னுடைய பழைய மூன்று சிலிண்டர் டீசல் டிராக்டர் இழுவை குறைந்துவிட்டது என்று உங்கள் சர்வீஸ் சென்டரில் விட்டிருந்தேன். எஃப்.ஐ. பம்ப் (டீசலை அழுத்தத்தோடு நாசிலுக்கு அனுப்பும் பம்ப்) ஓவர்ஹால், சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசில் மூன்றும் புதுசு, டீசல் ஃபில்டர் இரண்டும் புதுசு என்று பில் போட்டீர்கள், பணத்தை முழுசாகக் கட்டித்தான் வண்டியை எடுத்து வந்தேன். வயலில் இறக்கியதும் அதே கோளாறு அப்படியே வந்து நின்றது. போதாக்குறைக்கு, முன்பு இல்லாத கரும்புகையும் இப்போது வருகிறது.

வண்டியை விடும்போதே உங்கள் சூப்பர்வைசரிடம் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். காலையில் ஒரே செல்ஃபில் பிடித்துக்கொள்ளும், வெறுமனே ஓடும்போது ஒரு குறையும் தெரியாது, கலப்பையை இறக்கி உழுதால் கால் மணி நேரம் போல நன்றாக இழுக்கும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஆர்.பி.எம். இறங்கி, கியரைக் குறைத்தாலும் தாங்காமல் திணறும், அப்போதும் புகை கருப்பாக வராது, ஆஃப் செய்துவிட்டுச் சற்று நேரம் கழித்து எடுத்தால் மறுபடி பழையபடி இழுக்கும். இதில் ஒரு வரிகூட வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டில் இல்லை. ‘பவர் இல்லை’ என்று இரண்டே சொல் எழுதி உள்ளே அனுப்பியிருக்கிறார்கள்.

கோளாறு எங்கே என்பது நான் சொன்னதிலேயே இருந்தது. லோடில் கரும்புகை தள்ளிக்கொண்டு இழுவை குறைந்தால், காற்று போதவில்லை, ஏர் கிளீனர் அடைத்திருக்கும், இல்லையென்றால் நாசில் சரியாகத் தூவவில்லை என்று அந்தப் பக்கம் தேடலாம். புகையே இல்லாமல் திணறினால் டீசல் போதுமான அளவு போய்ச் சேரவில்லையா, ஆக்சிலரேட்டர் கம்பி பம்ப் லீவரைக் கடைசி வரை இழுக்கிறதா என்றுதானே பார்க்க வேண்டும்? அதுவும் முதலில் நன்றாக ஓடி, போகப் போகக் குறைந்து, நிறுத்தி வைத்தால் தேறிக்கொள்கிறது என்றால், டேங்கிலிருந்து பம்ப் வரை டீசல் வருகிற வழியில்தான் முதல் கையை வைக்க வேண்டும். டேங்க் மூடியின் காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறதா, டேங்க் அடிச் சல்லடையில் குப்பை சேர்ந்திருக்கிறதா, ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் உரிந்து அடைக்கிறதா, டேங்கிலிருந்து டீசலை இழுத்து பெரிய பம்புக்குத் தள்ளும் ஃபீட் பம்ப் ஒழுங்காகத் தள்ளுகிறதா என்று பார்க்க ஸ்பேனரும் வாளியும் இருந்தால் போதும். இதையெல்லாம் தாண்டி நேராக பம்பைக் கழற்றினார்கள் என்பதுதான் என் முக்கியமான புகார்.

கோளாறு தீரவில்லை என்று போன் செய்தபோது உங்கள் ஆள் சொன்ன பதில் இன்னும் மோசம். பழைய வண்டி, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் திறன்) போயிருக்கும், இன்ஜினை இறக்கி வேலை பார்க்க வேண்டியிருக்கும் என்றார். கம்ப்ரஷன் போன டீசல் இன்ஜின் குளிரில் ஒரே செல்ஃபில் பிடிக்குமா? இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாயில் புகை தள்ளியிருக்கும், ஆயில் குறைந்திருக்கும், ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை மணக்க மணக்க வந்திருக்கும், இதில் ஒன்றும் என் வண்டியில் கிடையாது. தேய்ந்த பிஸ்டன் ரிங் சற்று நேரம் ஓய்வு கொடுத்தால் சரியாகியும் விடாது. கம்ப்ரஷனை அளக்கும் கேஜ் வைத்துப் பார்க்காமல், போனிலேயே இன்ஜினைப் பிரிக்கச் சொல்வது பொறுப்பான பேச்சா என்று நீங்களே சொல்லுங்கள்.

கடைசியில் வெளியே ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தேன். அவர் எந்த நேரத்தில் திணறுகிறது என்பதைத்தான் முதலில் கேட்டார். கேட்டுவிட்டு ஃபீட் பம்புக்கு வருகிற ஹோஸைக் கழற்றி வாளியில் விட்டார். முதலில் டீசல் தடிமனாக விழுந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே இளைத்து இளைத்து நூல் மாதிரி ஆகி, பிறகு சொட்டத் தொடங்கியது. டேங்க் மூடியைத் திறந்துவிட்டும் மாறவில்லை. ஹோஸ் வழியாக டேங்கை நோக்கிக் காற்றடித்ததும் உள்ளே குபுகுபுவென்று சத்தம் கேட்டது, மறுபடி முழு வேகத்தில் கொட்டியது. டேங்கைக் காலி செய்து அடைப்பானைக் கழற்றினால், சல்லடையைச் சுற்றித் துருச் செதில்களும் வழவழவென்ற கருப்புக் கசடும் அப்பியிருந்தன. வண்டி ஓடும்போது இழுப்பில் அது சல்லடையில் ஒட்டிக்கொள்கிறது, நின்றால் உதிர்ந்து கீழே விழுகிறது, அதனால்தான் ஓய்வு கொடுத்தால் தேறியது. அந்தக் குப்பை ஃபில்டர் வரை வரவே வராது, எனவே கழற்றிய ஃபில்டர் சுத்தமாக இருந்தது என்று நீங்கள் சொன்னாலும் அதில் பயனில்லை. டேங்கைக் கழுவி மாட்டிய பிறகு வண்டி நாள் முழுக்கத் தொய்வில்லாமல் உழுதது.

ஆனால் கரும்புகை போகவில்லை. பம்பில் டீசல் அளவை நிர்ணயிக்கிற ஸ்குரூவின் கம்பி சீலைக் காணோம், லாக் நட்டில் புதிதாக ஸ்பேனர் பட்ட தடம் பளபளக்கிறது. கோளாறு பிடிபடவில்லை என்றதும் டீசலைக் கூட்டி விட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் இதைப் பார்த்தால் தெரிகிறது. டர்போ இல்லாத இன்ஜினில் இழுக்கிற காற்று அவ்வளவுதான், அதற்கு மேல் டீசல் ஊற்றினால் எரியாமல் புகையாகப் போகும், சைலன்ஸர் பக்கம் சூடு ஏறும், வால்வும் பிஸ்டனும்தான் அடி வாங்கும். சரியாக இருந்த இன்ஜினைக் கெடுக்கிற வேலை இது, எனக்கு மிகவும் கோபம் வந்தது இந்த இடத்தில்தான்.

டெலிவரி எடுக்கும்போது யார்டில் ரேஸ் செய்து காட்டி, ‘பாருங்கள், அருமையாக இருக்கிறது’ என்றார்கள். லோடு இல்லாமல் ரேஸ் செய்தால் எந்த இன்ஜினும் அருமையாகத்தான் இருக்கும். பி.டி.ஓ.வில் (கருவிகளைச் சுழற்றும் பின்பக்க ஷாஃப்டில்) இழுவைத் திறனை அளக்கும் டைனமோமீட்டர் மாட்டி 540 ஆர்.பி.எம்.மில் லோடு கொடுத்திருக்க வேண்டும், அது இல்லையென்றால் கலப்பையோடு அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

எனக்கு வேண்டியது இதுதான். கழற்றிய பழைய நாசில்களையும் பம்ப் பாகங்களையும் திருப்பிக் கொடுங்கள். மாற்றுவதற்கு முன் டெஸ்ட் பெஞ்சில் (பம்ப், நாசிலைக் கழற்றிச் சோதிக்கும் மெஷினில்) டெஸ்ட் செய்திருந்தால், எந்தெந்த நாசில் எத்தனை பார் அழுத்தத்தில் திறந்தது, சொட்டியதா, பம்ப் எவ்வளவு டெலிவரி கொடுத்தது என்ற ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால் பம்ப், நாசில் வேலைக்கு வாங்கிய பணத்தை, கூலியோடு சேர்த்துத் திருப்பித் தர வேண்டும். ஃபில்டருக்கான பணத்தை நான் கேட்கவில்லை, அது எப்படியும் மாற்ற வேண்டியதுதான். அப்புறம் பம்பை உங்கள் செலவில் கழற்றி, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு பெஞ்சில் திரும்ப செட் செய்து, சீல் வைத்து, அந்த அளவை எழுதிக் கொடுக்க வேண்டும். அதுவரை கரும்புகையோடு வண்டியை உழவில் விட எனக்கு மனமில்லை, சீசன் போய்க்கொண்டிருக்கிறது.

இரண்டு வாரத்துக்குள் எழுத்துமூலம் பதில் தாருங்கள். வராவிட்டால் ஜாப் கார்டு, பில், சல்லடையின் போட்டோ எல்லாவற்றையும் வைத்து நுகர்வோர் புகாராகப் பதிவு செய்வேன். பம்பைக் கழற்ற ஆள் அனுப்புவதாக இருந்தால் முதல் நாளே போன் செய்துவிட்டு அனுப்புங்கள், நான் கூடவே நின்று பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
வண்டியின் உரிமையாளர்