இட்டேரி வரைக்கும் ஒரு தடம்

அம்மிணி,

அம்மாவுக்கு பேட்டரி வீல்சேர் வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு வேண்டாம் சாமி. இருக்கிற நாற்காலியே நல்லாத்தான் இருக்கிறது, குறையெல்லாம் தடத்தில். ஒரு மாதமாக அதைத்தான் சரிபண்ணிக்கொண்டிருக்கிறேன்.

போன வருசம் அங்கே இங்கிலாந்தில் ஸ்டவர்ஹெட்டுக்குக் கூட்டிப்போனாயே, 1700களில் ஒரு பேங்க் குடும்பம் தண்ணீரை மறித்து ஏரியாக்கி, கரையெல்லாம் மண்டபம் கட்டிய பண்ணை. ஏரியைச் சுற்ற ஒரு மைலாவது இருக்கும். எனக்கு மண்டபங்களைவிட மனசில் நின்றது, எங்கே ஏற்றம், எங்கே படி, எங்கே உட்காரலாம் என்று நீ முன்கூட்டியே படித்துவிட்டு வந்ததுதான். குகைக்குள் படி இருக்கிறது, அம்மா வெளியிலேயே இருக்கட்டும் என்று காரிலேயே சொல்லிவிட்டாய், அதனால் அவள் ஏமாந்து நிற்கவில்லை. நம் பக்கம் எங்கே போனாலும் வாசலில் போய் நின்ற பிறகுதான் படி எத்தனை என்று தெரிகிறது.

ஊருக்கு வந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான், நம்ம கொறங்காட்டை, அந்த மேய்ச்சல் காட்டை, ஒரு சுற்று பார்க்கணும் என்று. முன்கூடத்து ஆசாரத்திலிருந்து வாசலுக்கு ஒன்றரை அடி இறக்கம். கொத்தனார் 8 அடியில் சரிவு போட்டால் போதும் என்றார், நான் விடவில்லை. ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும், ஆக 18 அடி. வாசலில் பாதியை அது பிடித்துக்கொண்டது, போகட்டும்.

அப்புறம் தடம், 4 அடி அகலம். மணல் போட்டால் முன்சக்கரம் புதைந்துவிடும், ஜல்லியில் உருளவே உருளாது, அதனால் கிராவல் மண் கொட்டித் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இடித்தோம். கட்டுத்தரை ஓரம் மட்டும் மழைத்தண்ணீர் ஓடட்டும் என்று ஒரு பக்கமாகக் கொஞ்சம் கூடவே சாய்த்துவிட்டேன், வண்டி அந்தப் பக்கமே இழுத்தது, அம்மாவுக்குத் தோள் வலி வந்துவிட்டது. பிரித்து மறுபடியும் போட்டேன். கிளுவை வேலிக் கடவில் இருந்த படலை எடுத்துவிட்டுக் கீல் வைத்த கேட் மாட்டியிருக்கிறேன். படலை இரண்டு கையாலும் தூக்கி நகர்த்தணும், உட்கார்ந்தபடி அது ஆகாது. கேட்டை அவளே தள்ளித் திறக்கிறாள்.

நேற்று சாயங்காலம் பெரிய வெள்வேல மரம் வரைக்கும் போனோம். கொழுக்கட்டைப்புல் கதிர் விட்டிருக்கிறது. மாடுகள் மேய்வதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் தனியாக இருக்கிறேன், நீங்க போங்க என்றாள். வந்துவிட்டேன். இருட்டும்போதுதான் போய்க் கூட்டிவந்தேன்.

இரண்டு வேலிக்கும் நடுவில் போகும் இட்டேரியைத் தொட இன்னும் 60 அடி பாக்கி, மழைக்குள் முடித்துவிடுவேன். உனக்கு ஒரு வேலை இருக்கிறது. முழங்கால் வலி வந்ததிலிருந்து உன் பெரிய அத்தை நம் வீட்டுக்கு வருவதையே விட்டுவிட்டார். தைக்கு நீ வரும்போது, எங்கே நிழல், உட்கார எங்கே கல்லுக்கட்டு, எந்த இடத்தில் ஏற்றம் என்று ஸ்டவர்ஹெட்டுக்கு நீ படித்துவந்தது மாதிரியே ஒரு தாளில் வரைந்து கொடு கண்ணு, அதை அவருக்குக் கொடுத்தனுப்பிவிட்டு அப்புறம் கூப்பிடுகிறேன்.

அப்பா