காத்திருக்கும் நாட்களில் ஜெபம்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. வேலை போய் மாதக்கணக்காகியும் வழி திறக்கவில்லை, ஜெபிக்க உட்கார்ந்தால் வாய் வரவில்லை, விசுவாசமே அற்றுப்போயிற்றோ என்று கேட்டிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கர்த்தரிடம் கொட்ட வேண்டியதை மரியாதைக்குறைவு என்று நினைத்து அடக்கி வைத்திருக்கிறாய்.

13-ஆம் சங்கீதத்தை எடு. ஆறே வசனம். முதல் இரண்டில் தாவீது "எதுவரைக்கும்" என்று நான்கு தடவை கேட்கிறார். அடுத்த இரண்டில் விண்ணப்பம். கடைசி இரண்டில்தான் நம்பிக்கையும் பாட்டும். நம்மில் பலர் நேரே ஐந்தாம் வசனத்துக்குத் தாவுகிறோம். முறையீட்டை விழுங்கிவிட்டுப் பாடினால் துதி உதட்டோடு நின்றுவிடும். சிலர் முதல் இரண்டு வசனங்களிலேயே தங்கிவிடுகிறார்கள். அதுவும் ஆபத்துதான், ஏனென்றால் கர்த்தரை நோக்கிப் பேசுவது நின்று கவலை நமக்குள்ளேயே சுற்ற ஆரம்பித்துவிடும்.

ஒரு தாளில் உன்னுடைய "எதுவரைக்கும்" நான்கையும் உன் பேச்சிலேயே எழுது. கீழே ஒரே ஒரு விண்ணப்பம், இந்த வாரத்துக்கு வேண்டியது. "எல்லாம் சரியாகட்டும்" என்று எழுதாதே, பதில் வந்தாலும் உனக்கு அடையாளம் தெரியாது. "இந்த மாத வாடகைக்கு வழி காட்டும்" என்று எழுது. அதற்குக் கீழே கர்த்தர் முன்பு உனக்குச் செய்ததில் ஒன்று. 77-ஆம் சங்கீதத்தில் அதைப் பாடிய ஆசாப் கலக்கத்திலிருந்து திரும்புவது பழைய செயல்களை நினைத்துத்தான். எழுதியதைச் சத்தமாக வாசி. துதி வராத நாளும் இருக்கும். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. அன்றைக்கு அதை வாசித்துவிட்டு எழுந்துவிடு.

வேலை தேடுவது அவிசுவாசமா என்று கேட்டாயே, அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஐ நிதானமாகப் படி. புயலில் சிக்கிய கப்பலில் ஒரு உயிரும் சேதமாகாது என்று தேவதூதன் பவுலுக்கு முன்பே சொல்லியாயிற்று. அப்புறமும் ஆழம் பார்க்கிறார்கள்: முதலில் 20 பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி), பிறகு 15. பாறையில் மோதிவிடுமோ என்று கப்பலின் பின்புறத்திலிருந்து நான்கு நங்கூரம் போடுகிறார்கள். கப்பலாட்கள் படகை இறக்கித் தப்பப் பார்க்கும்போது, இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்ப முடியாது என்று பவுலே நூற்றுக்கு அதிபதியிடம், அதாவது ரோமப் படைத் தலைவனிடம், சொல்கிறார். பதினாலு நாளாகச் சாப்பிடாதவர்களைச் சாப்பிட வைக்கிறார். மொத்தம் 276 பேர். கப்பல் உடைந்துபோனது, நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தியும் மற்றவர்கள் பலகைகளைப் பிடித்தும் கரையேறினார்கள். வாக்குத்தத்தம் உயிருக்குத்தான், கப்பலுக்கு இல்லை. உன் விடுதலையும் பழைய வேலை திரும்புவதாக இல்லாமல் போகலாம். பலகை மாதிரி ஏதாவது வந்தால் சின்னது என்று தள்ளிவிடாதே.

சாப்பாட்டை விடாதே என்பதையும் சேர்த்துக்கொள். சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்கு முதலில் கிடைத்தது தூக்கமும் அடையும் தண்ணீரும்தான், அதுவும் இரண்டு தடவை. ஓரேப் மலையில் கர்த்தர் பேசியது அதற்கு அப்புறம். தூக்கமே வராமல், உயிரோடிருக்க மனமில்லாமல் போனால் மருத்துவரைப் பார், எனக்கும் உடனே சொல்.

இத்தனை நாளில் நடக்கும் என்று தேதி குறித்துக் காணிக்கை கேட்பவர்கள் வந்தால் விலகி இரு. அப்போஸ்தலர் 12-இல் யாக்கோபு வாளால் கொல்லப்படுகிறார், அதே அதிகாரத்தில் சிறையிலிருந்த பேதுருவின் சங்கிலிகள் கழன்று விழுகின்றன. ஏன் ஒருவருக்கு அப்படி, மற்றவருக்கு இப்படி என்று வேதம் விளக்கவில்லை. அதனால் உன் காத்திருப்பை யாராவது உன் விசுவாசக் குறைவுக்கு அடையாளம் என்று சொன்னால் மனதில் ஏற்றிக்கொள்ளாதே.

தாளில் எழுதும் அந்த ஒரு விண்ணப்பத்தை எனக்கும் அனுப்பு. அதே வார்த்தைகளில் நானும் ஜெபிக்கிறேன். வாரம் மாறினால் விண்ணப்பத்தையும் மாற்றி எழுது.

கிறிஸ்துவுக்குள் அன்புடன்,
உன் நண்பன்