கையால் எழுதிய மாதிரி போதாது

ஆசிரியருக்கு,

மையமில்லா சமூக வலைதளங்கள் பற்றிய கட்டுரையில், அவற்றின் செய்திகளை வாசிக்கும் நிரலைச் சோதிப்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி 2018-இல் பரிந்துரைத்த, இத்தளங்கள் ஒன்றோடொன்று பேசும் நெறிமுறையான ஆக்டிவிட்டிபப்பில், பெறுநரைச் சொல்லும் ‘டூ’ புலம் ஒற்றை முகவரியாகவோ பட்டியலாகவோ பல புலங்கள் கொண்ட முழு ஆப்ஜெக்டாகவோ வரலாம். மூன்றும் விதிப்படி சரியே. அது ஸ்ட்ரிங் (வெறும் எழுத்துச்சரம்) மட்டும் என்று மாடல், அதாவது தரவின் வடிவத்தைச் சொல்லும் நிரல், எழுதினால், முதல் பட்டியலிலேயே அதை வாசிக்கும் லைப்ரரி (நிரல் தொகுப்பு) கவிழும். உள்ளே எப்போதும் பட்டியலாக்கி வைப்பதே உத்தமம். ‘பொது’ முகவரிக்கும் முழு வடிவம், சுருக்க வடிவம் உண்டு. ஒன்றை விட்டால் எல்லோருக்குமான பதிவு தனிப்பதிவாகிவிடும்!

மாஸ்டடான், பியர்டியூப் போன்ற மையமில்லா தளங்கள் அனுப்பும் அசல் ஜேசனை (தரவைப் பரிமாறும் உரை வடிவம்) வாசித்து, திரும்ப எழுதி ஒப்பிடுங்கள். எழுத்துக்கு எழுத்து அல்ல, பொருளளவில். தெரியாத புலத்தைத் தூக்கியெறியும் மாடல் அங்கேதான் மாட்டும். கையால் எழுதிய மாதிரித் தரவில் எல்லாம் பாஸ்தான்.

– ஒரு நிரலாளர், கோவை