சரசுவுக்கு, செந்தூலிலிருந்து

செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள சரசு,

உன் கடிதம் கிடைத்தது. மருமகனுக்குப் பாயான் லெப்பாசில் வேலை நிரந்தரமானதில் சந்தோஷம். இங்கே புதிதாக ஒன்றுமில்லை. மூட்டுவலி என்னை விடுவதாக இல்லை, நானும் அதை விட்டுவிட்டுக் கோவிலுக்குப் போவதாக இல்லை.

மகளுக்கு ஏழாம் மாதத்தில் ரத்தத்தில் சீனி ஏறி இனிப்புநீர் வந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். ஆனால் உன்னைத் தூங்கவிடாமல் செய்வது அது இல்லை, சம்பந்தி அம்மா சொன்ன வார்த்தை. "தாய்க்கு இனிப்புநீர் வந்தால் பிள்ளையின் ஆயுசுக்கே கேடு, வாயைக் கட்டியிருக்க வேண்டாமா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டார்களாமே! ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக, நர்ஸாக இருந்தவள் நீ சொல் என்கிறாய். சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் அந்த எண். சீனித் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் லிட்டருக்கு 8.1 மில்லிமோல். நம் நாட்டில் அது 7.8-ஐத் தொட்டாலே கர்ப்பகால இனிப்புநீர் என்று புத்தகத்தில் எழுதிவிடுவார்கள். வெறும் வயிற்றில் என்றால் 5.1 தான் எல்லை. உன் மகள் அந்த எல்லைக்கோட்டை இப்போதுதான் தாண்டியிருக்கிறாள்.

பிள்ளைக்கு எதுவுமே ஆகாது என்று உன்னைத் தேற்றுவதற்காகச் சொல்ல மாட்டேன். தாயின் ரத்தத்தில் இருக்கும் சீனி நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும், தாயின் இன்சுலின் போகாது. அதனால் பிள்ளையின் கணையம் தானே கூடுதலாகச் சுரந்து சமாளிக்கிறது, பிள்ளையும் கொழுத்து வளர்கிறது. பிறந்து கொடியை அறுத்ததும் சீனி வரத்து நின்றுவிடும், இன்சுலின் மட்டும் மிச்சமிருந்து பிள்ளையின் சீனியை ரொம்ப இறக்கிவிடலாம். முதல் சில மணி நேரத்தில் பிள்ளையின் குதிகாலில் குத்தி ரத்தம் பார்ப்பது இதற்காகத்தான். அதைப் பார்த்து மகள் மிரண்டுவிடக் கூடாது, இப்போதே சொல்லி வை.

நீண்ட காலத்துக்கு என்ன என்று கேட்டால், அரிசோனாவில் பீமா என்னும் பழங்குடியினரிடம் செய்த ஆய்வு ஒன்று உண்டு, 2000-இல் வெளிவந்தது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளைத்தான் ஒப்பிட்டார்கள். தாய்க்கு இனிப்புநீர் வருவதற்கு முன் பிறந்தவர் ஒருவர், வந்த பின் பிறந்தவர் இன்னொருவர். பின்னால் பிறந்தவர்களுக்கே அந்த நோய் அதிகம் வந்தது, உடம்பும் பெருத்தது. அப்பா அம்மா ஒன்று, வீடு ஒன்று, எனவே எல்லாவற்றையும் பரம்பரையின் தலையில் போட முடியாது. ஆனால் அந்தத் தாய்மாருக்கு இருந்தது முழு இனிப்புநீர். உன் மகளின் 8.1-ஐ அதோடு சேர்த்துப் பேசுவது நியாயமில்லை.

லேசாக ஏறியவர்களுக்கு வைத்தியம் பார்த்தால் பலன் உண்டா என்று ஆஸ்திரேலியாவில் 1,000 கர்ப்பிணிகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள், 2005-இல் முடிவு வந்தது. பிறக்கும் நேரத்தில் பிள்ளைக்கு நேரும் பெரிய சிக்கல்கள் 4 விழுக்காட்டிலிருந்து 1-க்கு இறங்கின. அதே பிள்ளைகளில் சிலரை நாலைந்து வயதில் பார்த்தபோது எடையில் வித்தியாசம் தெரியவில்லை. பிரசவத்துக்கு வைத்தியம் துணை நிற்கும். அதற்கப்புறம் பிள்ளைக்கு மைலோவை எந்த அளவுக்குக் கலந்து கொடுக்கிறோம் என்பது வீட்டாரின் கையில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதுதான் என் மனதில் கிடந்து உறுத்துவது. 1918-இல் வந்த பெரிய காய்ச்சல் உனக்குத் தெரியும். ரப்பர் தோட்டங்களில் நம் ஆட்களை வாரிக்கொண்டு போனதே, அதுதான். அந்தச் சமயத்தில் வயிற்றில் இருந்து 1919-இல் பிறந்த அமெரிக்கர்களைப் பற்றி டக்ளஸ் ஆல்மண்ட் என்ற பொருளாதார அறிஞர் 2006-இல் எழுதினார். முன்னும் பின்னும் பிறந்தவர்களைவிட அவர்களுக்குப் படிப்பு குறைவு, வருமானம் குறைவு, உடல் ஊனம் அதிகம் என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்தே காட்டினார். தாய்க்கு வந்த காய்ச்சல் பிள்ளையை அறுபது வயது வரை துரத்துகிறது என்று ஊரெல்லாம் பேச்சு.

பிறகு வேறு சிலர் அதே கணக்கைத் திரும்பப் புரட்டினார்கள். அப்போது முதல் உலகப் போர் காலம், ஆண்கள் பலர் படைக்குப் போயிருந்தார்கள். அந்த ஆண்டில் பிள்ளை பெற்ற குடும்பங்களில் வசதியும் படிப்பும் குறைந்தவர்களே சற்று அதிகம். பெற்றோரின் நிலையையும் கணக்கில் சேர்த்ததும் அந்த வித்தியாசம் பெரும்பாலும் சுருங்கிவிட்டது. இதைப் படித்தபோது எனக்கு நம் தோட்டத்து லயத்துப் பிள்ளைகள்தான் ஞாபகம் வந்தார்கள். அவர்கள் பாதிப் படிப்போடு நின்றதற்குக் காரணம் தேடிக் கருப்பை வரை போகவே வேண்டாம், கங்காணியின் சம்பளக் கணக்கே போதும்.

நோய் தடம் பதிப்பது உண்மைதான், கர்ப்பிணிக்கு ருபெல்லா அம்மை வந்தால் பிள்ளையின் கண்ணையும் காதையும் என்ன செய்யும் என்று வார்டில் வேலை பார்த்த யாருக்கும் தெரியும். ஆனால் பிள்ளைக்குப் பின்னால் வரும் எல்லாக் குறைக்கும் அம்மாவின் வாயைக் காரணம் காட்டுகிறார்களே, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். அந்தக் கூட்டத்தில் அப்பாக்களும் மாமனார்களும் இல்லையா? வளைகாப்புக்கு லட்டும் ஜிலேபியும் தட்டுத் தட்டாக அடுக்கியது யார் என்று சம்பந்தி அம்மாவைக் கேட்க எனக்கு ஆசைதான், ஆனால் உனக்கு வம்பு வேண்டாம்.

செய்ய வேண்டியதை மட்டும் எழுதுகிறேன். கிளினிக்கில் கொடுத்த தேதிகளில் சீனி பார்க்கட்டும். காலையில் நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோறு, பாதி போதும், கூட ஒரு முட்டை. தேத்தண்ணி கோசோங், சீனியே போடாமல். சாப்பிட்டதும் உட்காராமல் மருமகனோடு கொஞ்சம் நடக்கட்டும், அவருக்கும் தொப்பை விழுந்திருக்கிறது. மாத்திரையோ ஊசியோ வேண்டும் என்று டாக்டர் சொன்னால் அழாமல் போட்டுக்கொள்ளச் சொல்.

பிரசவமான ஆறாவது வாரம் இன்னொரு முறை சீனித் தண்ணீர் குடிக்க வேண்டும். பிள்ளையைக் கொஞ்சும் மும்முரத்தில் எத்தனையோ பேர் அதற்குப் போவதே இல்லை, ஆனால் பின்னாளில் இனிப்புநீர் வரும் வாய்ப்பு இப்படிப்பட்ட தாய்மாருக்குப் பல மடங்கு அதிகம். அந்தத் தேதியை எனக்கும் எழுதி அனுப்பு, நானே போன் பண்ணி விரட்டுகிறேன். பத்தியச் சமையலுக்கு ஆள் கிடைக்காவிட்டால் சொல், ரயில் ஏறி பட்டர்வொர்த் வந்துவிடுகிறேன். பூண்டு மட்டும் நீ உரித்து வை.

அன்புடன்,
கமலா